உரிமையும் தருமமும்: அமெரிக்க நாட்டுப்புறத்தில் உணவு உதவியின் அரசியற் பொருளாதாரம்

பசித்தோர்க்கு உணவளித்தல் அறங்களுள் தலையாயது என்னும் எண்ணம் நமது இலக்கிய மரபில் ஆழ வேரூன்றியது. மணிமேகலை ஏந்திய அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது. அதனைக் கொண்டு அவள் சிறைக்கோட்டத்தையும் அறக்கோட்டமாக்கினாள். அதே காப்பியத்தில் இடம்பெறும் ஆபுத்திரன் வரலாறு அதிகம் பேசப்படாத இன்னோர் உண்மையையும் உணர்த்துகின்றது. மழை பெய்து நாடு செழித்த பின்னர் அவனிடம் உணவு வேண்டி வருவார் எவருமிலராயினர். கையிலிருந்த பாத்திரம் பயனற்றுப் போயிற்று. பசிப்போர் உள்ளவரையே ஈகைக்கு இடமுண்டு என்பதையும், பசியை இறுதியாக ஒழிப்பது நாட்டின் வளமே என்பதையும் அக்கதையிலிருந்து நாம் பெறலாம்.

காப்பியத்தின் பாத்திரம் வற்றாதது. உலகியல் வாழ்விலோ தருமத்தின் பாத்திரங்கள் வற்றுகின்றன. அவை எப்போது, ஏன் வற்றுகின்றன என்பதற்கு அண்மைக்காலச் சான்றொன்றை ஐக்கிய அமெரிக்கா தந்துள்ளது. உலகின் பெரும் உணவு ஏற்றுமதி நாடுகளுள் ஒன்றான அங்கு, 2025 நவம்பர்த் தொடக்கத்தில் அரசாங்கத்தின் உணவு உதவி உரிய நாளிற் கிடைக்காமற் போயிற்று. தேவாலயங்களின் கீழ்த்தளங்களிலும் கிராம மண்டபங்களிலும் இயங்கும் உணவு வழங்கு நிலையங்களை நோக்கி மக்கள் திரண்டனர். அந்நிலையங்கள் எவ்வாறு தோன்றின, அவற்றால் எவ்வளவு இயலும், ஏன் அதற்கு மேல் இயலாது என்பவற்றை, நாட்டுப்புறத்தை மையமாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நிகழ்ந்தது என்ன?

அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் நிதியாண்டு ஒக்டோபர் முதலாந் திகதி தொடங்குவது. 2025இல் அத்திகதிக்கு முன்னர் கொங்கிரஸ் நிதி ஒதுக்கீட்டை நிறைவேற்றாமையால் அரசாங்கப் பணிகள் பல முடங்கின. 43 நாள்கள் நீடித்த அம்முடக்கம் அதுவரை நிகழ்ந்தவற்றுள் மிக நீண்டது. அதனாற் பாதிக்கப்பட்டவற்றுள் முதன்மையானது, முன்னர் உணவு முத்திரைத் திட்டம் என வழங்கிய குறைநிரப்புப் போசணை உதவித் திட்டமாகும். ஏறக்குறைய 4 கோடி 20 இலட்சம் மக்கள், அதாவது எட்டுப் பேரில் ஒருவர், இத்திட்டத்திற் பயன்பெறுவோர். ஆளொருவருக்கு மாதமொன்றுக்குச் சராசரியாகக் கிடைப்பது 190 டொலர் அளவிலான தொகை. நாளொன்றுக்கு ஆறு டொலரே என்றாலும், நாடு முழுவதற்கும் மாதந்தோறும் 800 கோடி டொலர் வேண்டும்.

நவம்பர் முதலாந் திகதி உதவி வழங்கப்படமாட்டாது என விவசாயத் திணைக்களம் அறிவித்தது. திட்டத்துக்கென 500 கோடி டொலருக்குச் சற்றுக் குறைவான அவசரகால ஒதுக்குநிதி இருந்தது. அதனை இத்தருணத்திற் பயன்படுத்த இயலாது என்பது திணைக்களத்தின் வாதம். ஒக்டோபர் 31ஆந் திகதி றோட் ஐலன்ட், மசச்சூசெற்ஸ் ஆகிய இரு மாநிலங்களிலுள்ள மத்திய நீதிமன்றங்கள் அவ்வாதத்தை ஏற்க மறுத்தன. பின்னர் பகுதித் தொகை வழங்கப்படும் என்றனர். முழுத் தொகையும் வழங்கப்படவேண்டும் என ஒரு நீதிமன்றம் கட்டளையிட்டது. அக்கட்டளை நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தில் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டது. சில மாநிலங்களில் முழுத் தொகை கிடைத்தது. சிலவற்றிற் பகுதி கிடைத்தது. வேறு சிலவற்றில் ஒன்றுமே கிடைக்கவில்லை. நவம்பர் 12ஆந் திகதி முடக்கம் நீங்கியபோது, 2026 செப்டெம்பர் முடிவு வரைக்குமான நிதி இத்திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது. அரசாங்க முடக்கத்தின் காரணமாக இவ்வுதவி தடைப்பட்டது, திட்டத்தின் அறுபதாண்டு வரலாற்றில் அதுவே முதற்றடவை.

சட்டப்படி இவ்வுதவி தகுதியுடையோர் யாவருக்கும் உரியது. ஆயினும் உரிமையெனச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்த ஒன்று, ஆளும் பிரிவினரின் பேரம்பேசலில் ஒரு பகடைக்காயாக மாறக்கூடும் என்பதை அந்நாள்கள் காட்டின.

2. மிகையும் பசியும்

ஊட்டத்துக்கான இத்திட்டத்தைச் சுகாதாரத் திணைக்களம் நிருவகிக்காது விவசாயத் திணைக்களம் நிருவகிப்பது ஏன்? விடை அதன் தோற்றுவாயிலுள்ளது. 1930களின் பெருமந்தத்தின்போது பண்ணைகளில் விளைபொருள்கள் விலைபோகாது குவிந்து கிடந்தன. நகரங்களில் வேலையற்றோர் பட்டினி கிடந்தனர். 1933இல் விலையை உயர்த்தும் பொருட்டு ஏறத்தாழ 60 இலட்சம் பன்றிக்குட்டிகள் அரசாங்கத்தால் வாங்கிக் கொல்லப்பட்டன. உற்பத்தி குறைவதால் மட்டுமே பஞ்சம் தோன்றும் எனக் கருதிவந்தோர்க்கு இது விளங்காப் புதிராயிற்று. பண்ட உற்பத்திச் சமூகத்தில் உணவு விளைவிக்கப்படுவது விற்பனைக்காகவே. வாங்கும் சக்தியற்றவனின் பசி சந்தையிற் கேள்வியாகக் கணிக்கப்படுவதில்லை.

இம்முரண்பாட்டைத் தணிக்கும் முயற்சியாகவே உணவு முத்திரை தோன்றியது. 1939 மே மாதத்தில் நியூயோர்க் மாநிலத்தின் றொச்செஸ்ரர் நகரில் அது முதன்முதல் வழங்கப்பட்டது. ஏழைகள் ஒரு டொலர் கொடுத்துச் செம்மஞ்சள் நிற முத்திரைகளை வாங்கினால், ஐம்பது சதப் பெறுமதியான நீல நிற முத்திரைகள் இலவசமாகக் கிடைத்தன. செம்மஞ்சள் முத்திரையால் எவ்வுணவையும் பெறலாம். நீல முத்திரையால் மிகையென அரசாங்கம் அறிவித்த பொருள்களை மட்டுமே பெறலாம். பண்ணையாரின் மிகையும் ஏழையின் பசியும் ஒரே முத்திரையில் இணைக்கப்பட்டன. போர் மிகையையும் வேலையின்மையையும் விழுங்கிவிடவே, 1943இல் திட்டம் கைவிடப்பட்டது.

1961இல் ஜனாதிபதி கென்னடி இதனைப் பரீட்சார்த்தமாக மீண்டும் தொடக்கினார். முதல் முத்திரைகளைப் பெற்றது மேற்கு வேர்ஜீனியாவின் மக்டவல் மாவட்டத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பமொன்று. 1964இல் ஜோன்சன் ஆட்சியில் நிரந்தரச் சட்டம் பிறந்தது. 1973இல் திட்டம் விவசாயச் சட்டத்தோடு இணைக்கப்பட்டது. நாட்டுப்புறப் பிரதிநிதிகள் பண்ணை மானியத்துக்காகவும், நகரப் பிரதிநிதிகள் உணவு முத்திரைக்காகவும் ஒரே சட்டத்தை ஆதரிக்கும் ஏற்பாடு இதனால் உறுதிப்பட்டது. முத்திரையைப் பணங்கொடுத்து வாங்கவேண்டும் என்ற நிபந்தனை 1977ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. காலப்போக்கிற் கடதாசி முத்திரையின் இடத்தை மின்னணு அட்டை பெற்றது; 2008இல் திட்டத்தின் பெயரும் மாற்றப்பட்டது.

3. களஞ்சியமும் வழங்கு நிலையமும்

அரசாங்க உதவிக்கு அருகே தனியார் தருமம் ஒரு வலையமைப்பாக வளர்ந்த வரலாறு இதனினும் பிந்தியது. 1967இல் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் முதலாவது உணவு வங்கி தோன்றியது. உணவு வங்கி என்பது பெருங் களஞ்சியம். கம்பனிகளும் கடைகளும் விற்க இயலாது கழிக்கும் பண்டங்களைத் திரட்டி வைப்பது. உணவு வழங்கு நிலையம் என்பது அக்களஞ்சியத்திலிருந்து பெற்று ஊர்மக்களுக்கு நேரிற் கொடுக்கும் சிறு நிலையம். பெரும்பாலும் தொண்டர்களால் நடத்தப்படுவது. 1976ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தம், உணவை நன்கொடையாக அளிக்கும் கம்பனிகளுக்கு வரிச்சலுகையை விரிவுபடுத்தியது. விற்காத பண்டத்தைக் குப்பையிற் கொட்டுவதினும் தருமஞ் செய்வது இலாபகரமாயிற்று. 1979இல் உணவு வங்கிகள் தேசிய அமைப்பொன்றாக இணைந்தன.

ஆயினும் இந்நிலையங்கள் பல்கிப் பெருகியது 1980களிலேயாம். றேகன் ஆட்சி 1981இல் உணவு முத்திரைச் செலவை வெட்டியது. அவ்வாண்டு டிசெம்பரில், அரசாங்கக் களஞ்சியங்களிற் பூசணம் பிடிக்கத் தொடங்கியிருந்த பாற்கட்டியில் 3 கோடி இறாத்தலை ஏழைகளுக்கு வழங்க அதே ஆட்சி உத்தரவிட்டது. ஒரு கையால் உரிமையைக் குறைத்து மறு கையால் மிகையைத் தருமமாக நீட்டிய இச்செயல் மனங்கொள்ளத்தக்கது. 1983இல் இவ்வாறான விநியோகத்துக்கெனத் தற்காலிக அவசர உணவு உதவிச் சட்டம் நிறைவேறியது. 1990இல் அதன் பெயரிலிருந்து தற்காலிகம் என்ற சொல் நீக்கப்பட்டது. அவசரம் நிரந்தரமாயிற்று என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை.

இன்று இவ்வலையமைப்பில் ஏறக்குறைய 200 உணவு வங்கிகளும் 60,000 வரையிலான வழங்கு நிலையங்களும் உணவுத் திட்டங்களும் அடங்குகின்றன. இதனைத் தனியார் தருமம் என்று மட்டும் கூறுவதும் பொருந்தாது. விவசாயத் திணைக்களம் வாங்கியனுப்பும் பண்டங்களும் அவற்றின் இறாக்கைகளை நிரப்புகின்றன. 2025 மார்ச்சில், உணவு வங்கிகளுக்கென ஏற்கெனவே திட்டமிடப்பட்டிருந்த 50 கோடி டொலர்ப் பெறுமதியான பண்ட விநியோகத்தைத் திணைக்களம் இரத்துச் செய்தது. உள்ளூர் விவசாயிகளிடமிருந்து உணவு வங்கிகள் கொள்வனவு செய்வதற்கான நிதித்திட்டமும் நிறுத்தப்பட்டது. ஆகவே நவம்பரில் மக்கள் வந்து நின்றபோது, அந்த இறாக்கைகள் முன்னரே மெலிந்திருந்தன. அரசாங்கம் பின்வாங்கும்போது தருமம் முன்வரும் என்பாரின் வாதம் இவ்விடத்திலேயே தளர்ந்துவிடுகின்றது. ஏனெனில் அத்தருமமும் அரசாங்கத்தின் தோளிலேயே ஒரு பகுதி தங்கியிருந்தது.

4. நாட்டுப்புறத்தின் தனிநிலை

வறுமை நகரச் சேரிகளுக்கே உரியது என்பது அமெரிக்காவைப் பற்றி நிலவும் பொதுவான எண்ணம். உண்மையில், உணவுப் பாதுகாப்பின்மை மிக உயர்ந்து காணப்படும் மாவட்டங்களுட் பத்தில் ஒன்பது அளவினவை நாட்டுப்புற மாவட்டங்களே. முற்குறித்த மக்டவலை மீண்டும் நோக்குவோம். ஒரு காலத்தில் நாட்டிலேயே மிகுதியான நிலக்கரியைத் தோண்டியெடுத்த மாவட்டங்களுள் அது முன்னணியில் நின்றது. 1950இல் ஏறக்குறைய ஓரிலட்சம் மக்கள் அங்கு வாழ்ந்தனர். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் எஞ்சியோர் 19,111 பேர். சுரங்கத்திற் பொறி புகுந்தது, தொழிலாளர் வெளியேற்றப்பட்டனர், இளையோர் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர், முதியோரும் நோயுற்றோரும் எஞ்சினர். நிலத்தின் செல்வமோ பெரும்பாலும் வெளியூர்க் கம்பனிகளுக்குச் சென்றது.

2016இல் அம்மாவட்டத்திலிருந்த வோல்மார்ட் பேரங்காடி மூடப்பட்டது. அதனோடு நூற்றுக்கு மேற்பட்ட வேலைகள் போயின. அது மட்டுமன்று. விற்பனைத் திகதி நெருங்கிய பண்டங்களை உள்ளூர் உணவு வங்கிக்கு அளித்துவந்ததும் அதே அங்காடியே. வேலையிழந்தோர் உதவி தேடி வந்த வேளையில், உதவியின் ஊற்றும் உடன் வற்றியது. ஒரே மூலதனத்தின் வருகையிலும் போக்கிலும் வேலை, கடை, தருமம் ஆகிய மூன்றும் கட்டுண்டு கிடந்தமை இங்கே புலனாகின்றது.

நாட்டுப்புறத்தின் இடர்ப்பாடு தூரத்தினாலும் மிகுகின்றது. பொதுப் போக்குவரத்து அருகிய இடங்களில் வழங்கு நிலையத்துக்குச் செல்ல வாகனமும் எரிபொருளும் வேண்டும். குளிரூட்டி வசதி குறைந்த சிறு நிலையங்கள் காய்கறியையும் இறைச்சியையும் அதிகம் பெற்று வைத்தல் இயலாது. தகரத்தில் அடைத்தவையும் உலருணவுமே பெரும்பாலும் கிடைப்பன. தொண்டர்களுட் பலர் முதியோர். உதவி பெறுவோரும் தொண்டர்களாய் நிற்பதுண்டு. சிறு கடைகளின் நிலையும் இதனோடு பிணைந்தது. உணவு உதவி அட்டையாற் செலவிடப்படும் பணம் அக்கடைகளின் வருமானத்தில் கணிசமான பங்கு. பொருளாதாரம் தளர்ந்திருக்கும் காலத்தில், இத்திட்டத்தின் ஒவ்வொரு டொலரும் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஒன்றரை டொலரைத் தோற்றுவிக்கின்றது என 2019இல் விவசாயத் திணைக்களத்தின் பொருளியலாளரே மதிப்பிட்டனர். உதவி நின்றால் அட்டை வைத்திருப்பவரின் அடுப்பு மட்டும் அணைவதில்லை. கடைக்காரரின் கணக்கும் சரிகின்றது. கடை மூடப்பட்டால், உதவி மீண்டும் கிடைக்கும்போதும் அதனைச் செலவிட ஊரில் இடமிராது.

5. ஒன்றும் ஒன்பதும்

தருமத்தின் எல்லையை உணர்ச்சியால் அளத்தல் வேண்டா, எண்கணிதமே போதுமானது. உணவு வங்கிகளின் தேசிய அமைப்பு தானே கூறும் கணக்கொன்று உண்டு: தனது வலையமைப்பு ஒரு வேளை உணவை அளிக்குமிடத்து, அரசாங்கத் திட்டம் ஒன்பது வேளை உணவை அளிக்கின்றது.

இவ்விகிதத்தின் பொருளைச் சற்று விரித்து நோக்குதல் தகும். அரசாங்க உதவி முற்றாக ஒரு மாதம் நின்றால், வழங்கு நிலையங்கள் அம்மாதத்தில் வழமையைவிடப் பத்து மடங்கு உணவை அளிக்கவேண்டும். இது இயலாதென்பதை யாவரும் உடன்படுவர். உதவி முற்றாக நில்லாது, பத்திலொரு பங்கு மட்டும் குறைந்தால் என்னாகும்? ஒன்பது வேளையில் பத்திலொன்று, முக்கால் வேளைக்கும் மேற்பட்டது. அதனை ஈடுசெய்ய, நிலையங்கள் தமது வழங்கலை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டும். ஐந்திலொரு பங்கு குறைந்தாலோ, ஏறக்குறைய மும்மடங்காக்க வேண்டும். வரவுசெலவுத் திட்டத்திற் சிறிதெனத் தோன்றும் வெட்டு, கிராமத்து வழங்கு நிலையத்தின் வாயிலில் வெள்ளமாக வந்து சேர்கின்றது.

இது வெறுங் கற்பனைக் கணக்கன்று. 2025 ஜூலை 4ஆந் திகதி கைச்சாத்தான வரி, செலவுச் சட்டம், இத்திட்டத்துக்கான மத்திய அரசின் செலவைப் பத்தாண்டுகளில் 18,000 கோடி டொலருக்கு மேலாகக் குறைக்கும் எனக் கொங்கிரஸின் வரவுசெலவு அலுவலகம் மதிப்பிட்டது. அது திட்டத்தின் ஐந்திலொரு பங்களவாகும். நவம்பரில் நேர்ந்த தடை சில நாள்களுக்குரியது. அதனைச் செய்தித்தாள்கள் எழுதின. சட்டத்தால் நேரும் வெட்டு ஆண்டுக்கணக்கிற் சிறுகச் சிறுகச் செயற்படுவது. அதற்குத் தலைப்புச் செய்தி கிடைப்பது அரிது.

6. நிவாரணமும் உழைப்பும்

உதவியை வெட்டுவோர் கூறும் நியாயம் உழைப்பைப் பற்றியது. 1996ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளைகளற்ற, உடல்வலுவுள்ள வளர்ந்தோர் மாதத்துக்கு 80 மணித்தியாலம் வேலையோ பயிற்சியோ செய்யாவிடின், மூன்றாண்டுகளில் மூன்று மாதம் மட்டுமே உதவி பெறலாம் என விதித்தது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விதியை 64 வயது வரையினருக்கும், 14 வயதும் அதற்கு மேலுமான பிள்ளைகளின் பெற்றோருக்கும் விரித்தது. வீடற்றோருக்கும் முன்னாட் படைவீரருக்கும் இருந்த விலக்கும் நீங்கியது.

இவ்விதியின் விளைவு மேற்கு வேர்ஜீனியாவில் ஏற்கெனவே காணப்பட்டதாகும். 2016இல் அம்மாநிலத்தின் ஒன்பது மாவட்டங்களில் இது மீண்டும் நடைமுறைப்படுத்தப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் உதவியை இழந்தனர். வேலைவாய்ப்பில் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை. வேலையே இல்லாத ஊரில் வேலை செய்யவேண்டும் என்ற நிபந்தனை வேலையைத் தோற்றுவிப்பதில்லை. வேலையிழந்தவனின் நிலைக்கு அவனையே குற்றவாளியாக்குவதே அது செய்யும் பணி.

பிவென், குளோவார்ட் என்னும் ஆய்வாளர் இருவர் 1971இல் வெளியிட்ட நூலில், நிவாரணம் மக்கட் கிளர்ச்சியின்போது விரிவடைகின்றது, அமைதி திரும்பியதும் சுருங்கிக் குறைந்த கூலி உழைப்பை நோக்கித் தொழிலாளரைத் தள்ளுகின்றது என நிறுவினர். 1998இல் பொப்பென்டீக் என்னும் சமூகவியலாளர், அவசர உணவுத் தருமம் சமூகத்தின் மனச்சான்றை ஆற்றுப்படுத்தி அரசு பின்வாங்குவதை எளிதாக்குகின்றது என எடுத்துரைத்தார். இவ்விரண்டையும் இணைத்து நோக்குமிடத்து, உணவு வழங்கு நிலையத்தின் சமூகப் பணி தெளிவாகும். அது பசியைத் தணிக்கின்றது. அதே வேளை, உரிமை பறிக்கப்பட்டதன் ஓசையையும் தணிக்கின்றது.

இதனாற் தொண்டரை இகழ்தல் தகாது. பனிக்குளிரில் பெட்டி சுமக்கும் முதியவரின் கருணை மெய்யானது. அவர் இல்லையெனில் அன்றிரவு ஒரு வீட்டிற் பிள்ளைகள் பட்டினி கிடப்பர். பிழை அவரிடமன்று, அவர்மேற் சுமத்தப்பட்ட பாரத்திலுள்ளது. மேலும், உணவளித்தல் எக்காலும் அடங்கிப்போதலையே வளர்க்கும் என்பதும் வரலாற்றுக்கு ஒவ்வாதது. 1969இல் ஓக்லன்டில் கறுஞ்சிறுத்தைகள் இயக்கம் பிள்ளைகளுக்குக் காலையுணவு வழங்கத் தொடங்கியபோது, அது உணவோடு உரிமைக் குரலையும் சேர்த்தே பரிமாறியது. அரசாங்கத்தின் பாடசாலைக் காலையுணவுத் திட்டம் 1975இல் நிரந்தரமாக்கப்பட்டதன் பின்னணியில் அத்தகைய போராட்டங்களும் இருந்தன.

7. நமது அனுபவம்

உணவு முத்திரை என்னும் சொல் இலங்கையருக்கு அந்நியமன்று. 1942 முதல் கூப்பன் அரிசி வறியோர், வசதியுடையோர் என்ற பேதமின்றி ஏறக்குறைய யாவருக்கும் உரியதாய் இருந்தது. 1953இல் அரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். யாவருக்கும் பொதுவான உரிமையில் கைவைத்தபோது யாவரும் எழுந்தனர்.

1978 ஜனவரியில் கூப்பன் உரிமை, மாத வருமானம் 300 ரூபாவுக்குட்பட்ட குடும்பங்களுக்கு மட்டுப்படுத்தப்பட்டது. 1979 செப்டெம்பரில் அரிசியின் இடத்தை உணவு முத்திரை பெற்றது. அமெரிக்கா நாற்பதாண்டுகளுக்கு முன் கையாண்ட கருவியே ஈண்டும் வந்தது. முத்திரையின் பெறுமதி ரூபாவில் நிலையாக நிற்க, விலைவாசி ஏறிக்கொண்டே சென்றது. அளவால் வரையறுக்கப்பட்ட அரிசி, பணத்தால் வரையறுக்கப்பட்ட தாளாகி, சில ஆண்டுகளிலேயே அதன் பயன் தேய்ந்தது. ஆயினும் 1953இன் எழுச்சி மீண்டும் நிகழவில்லை. உரிமை முதலில் ஏழைகளுக்கு மட்டும் என ஒடுக்கப்பட்டு, பின்னர் அவ்வேழைகளின் பங்கு ஓசையின்றிக் குறைக்கப்பட்டதே அதற்கொரு காரணமாகும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது நம் ஊர்களில் சமூக சமையலறைகள் மூண்டெழுந்தமையை இப்பின்னணியில் நோக்குதல் வேண்டும். அவை மக்களின் ஒருமைப்பாட்டுக்குச் சான்று. கூப்பன் விட்டுச்சென்ற வெற்றிடத்துக்கும் சான்று.

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிபு இதுவாகும். தருமமும் உரிமையும் ஒரே பணியின் இரு வழிகளல்ல. தருமம் கொடுப்போனின் மிகையிலிருந்து புறப்படுவது; எனவே மிகை உள்ளபோதும், கொடுக்க மனமுள்ளபோதும் மட்டுமே கிடைப்பது. உரிமை பெறுவோனின் தேவையிலிருந்து புறப்படுவது. தேவை பெருகும்போது தானும் பெருகவேண்டியது. ஒன்றுக்கு ஒன்பது என்னும் விகிதத்தை அறிந்த பின்னரும் வழங்கு நிலையத்தை உரிமைக்கு மாற்றாகக் காட்டுவோர், அறியாமையால் அவ்வாறு செய்வதாகக் கொள்ள இயலாது. எனவே வழங்கு நிலையத்தின் வரிசையில் நிற்போரும், அங்கு பெட்டி சுமப்போரும், தமது மேசையில் இல்லாத ஒன்பது வேளை உணவு எங்கே போயிற்று என்று கூடிக் கேட்கத் தொடங்குவதே செய்யத்தக்க முதற் பணியாகும்.